மலைக்கு நாடி பார்த்தல்

மலைநாட்டிலே ஐப்பசி மழை கனத்துவிட்டால் இரவில் கண்ணயராத குடும்பங்கள் பல. கூரையில் விழும் மழையின் ஓசைக்கு அப்பால், மலையின் மேற்புறத்தில் வேறேதேனும் சத்தம் எழுகின்றதா என்று அவர்கள் செவிகொடுத்திருப்பர். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில், பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்திலே மலைச்சாரல் பெயர்ந்து இறங்கி, லயங்களை வரிசையோடு மூடிவிட்டது. அவ்விடம் அபாயமானது, அங்கிருந்து அகலவேண்டும் என்ற அறிவுறுத்தல் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் விடுக்கப்பட்டிருந்தது. ஆயின் அந்தக் காலைப்பொழுதில்தான் மலை இறங்கும் என்று நாள் குறித்துச் சொல்ல எவராலும் இயலவில்லை.

ஓரிடத்திலே மண் சரியக்கூடும் என்று கூறுவது இன்று அவ்வளவு கடினமான காரியமன்று. சாய்வின் செங்குத்து, மண்ணின் தன்மை, பழைய சரிவுகளின் வடு, நீரூற்றுக்களின் நிலை ஆகியவற்றை ஆராய்ந்து படம் வரைந்துவிடலாம். எப்போது சரியும் என்ற கேள்வியே அறிஞரை அலைக்கழிப்பது. அதற்கு விடை காண முயல்வோர் கைக்கொண்ட வழிகளுள் ஒன்று, பூமியதிர்ச்சியை ஆராயும் கருவிகளையே மலைச்சாரலில் நாட்டி, அங்கே தோன்றும் நுண்ணிய அதிர்வுகளைக் கேட்பது.

இதன் அடிப்படை நம் வீடுகளிலே வழங்கும் பழக்கமேயாகும். சந்தையிலே பானை வாங்கச் செல்லும் பெண், அதனைக் கையிலே தூக்கி விரலாற் சுண்டிப் பார்க்கின்றாள். கணீரென்று ஒலித்தால் விலை பேசுகின்றாள். மழுங்கிய ஒலி எழுந்தால், விரிசல் கண்ணுக்குத் தெரியாவிடினும், அப்பானையை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கின்றாள். மலைக்குச் செய்வதும் இதுவே. மலையைச் சுண்டுவதற்கு விரல் போதாது என்பதுதான் வேறுபாடு.

நிலத்தைத் தட்டி அதன் அதிர்வை அளக்க முதன்முதலில் முயன்றவர்களுள் ஒருவர் ஐயர்லாந்து நாட்டுப் பொறியியலாளரான றொபேட் மலெற். 1849 ஆம் ஆண்டிலே அவர் டப்ளின் நகருக்கு அண்மையிலுள்ள கிலினிக் கடற்கரையில் மணலுள் வெடிமருந்தைப் புதைத்து வெடிக்கச் செய்து, அந்த அதிர்வு மணலினூடே எவ்வளவு வேகமாகச் செல்கின்றது என்று கணித்தார். அன்று தொடங்கிய கணக்கு இன்று பெருகி வளர்ந்துள்ளது. தளர்ந்த மேல்மண்ணிலே அதிர்வு செக்கனுக்குச் சில நூறு மீற்றரே செல்லும். நீரிலே 1,500 மீற்றர் வரையிற் செல்லும். உறுதியான சுண்ணாம்புப் பாறையிலோ 4,000 முதல் 6,000 மீற்றர் வரை விரையும். பாறை நொறுங்கி இடைவெளிகள் பெருகினால் இவ்வேகம் குறைந்துவிடும். ஆகவே வேகத்தை அறிந்தால் உள்ளே இருப்பது இன்னது என்பதை ஓரளவு அறியலாம்.

இவ்வேகத்தை அளக்கும் முறை எளியது. ஜியோபோன் எனப்படும் சிறு கருவிகள் பலவற்றை ஒரு நேர்கோட்டிலே நிலத்தில் ஊன்றுவர். கோட்டின் ஒரு முனையில் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். அன்றேல் சிறிதளவு வெடிமருந்தை வெடிப்பர். அண்மையிலுள்ள கருவிகளுக்கு மேல்மண்ணின் வழியாகவே அதிர்வு முதலில் வந்துசேரும். தொலைவிலுள்ள கருவிகளுக்கோ, ஆழத்திலுள்ள பாறை வரை இறங்கி, அதன் வழியே விரைந்து, மீண்டும் மேலேறி வரும் அதிர்வு முந்திக்கொள்ளும். ஒற்றையடிப் பாதையிலே நேராக நடப்பவனைக் காட்டிலும், சிறிது சுற்றிப் பெருந்தெருவை அடைந்து பஸ் வண்டியில் ஏறியவன் தூரத்து ஊருக்கு முன்னதாகச் சென்றுவிடுவதை இதற்கு ஒப்பிடலாம். எந்தத் தூரத்தில் இந்த முந்துதல் நிகழ்கின்றது என்பதைக் கொண்டு, பாறை எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று கணித்துவிடுவர்.

இம்முறை மலையின் நாடியைச் சரியாகவே பிடித்த இடம் ஒன்று உண்டு. அங்கே நேர்ந்த கதியைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

இத்தாலியின் வடபகுதியில் வயொன்ற் என்னும் குறுகிய பள்ளத்தாக்கிலே, மின்சாரம் உற்பத்தி செய்யும் பொருட்டு ஓர் அணை கட்டப்பட்டது. ஏறக்குறைய 262 மீற்றர் உயரமுடைய அந்தக் கொங்கிறீற்று வில்லணை, கட்டி முடிந்தபொழுது உலகின் மிக உயர்ந்த அணைகளுள் ஒன்றாய் விளங்கிற்று. அணைக்குப் பின்னால் தேங்கும் நீரின் தென்கரையாக நின்றது தொக் என்னும் மலை. அணையை வரைந்த பொறியியலாளர் கார்லோ செமென்சாவின் மகன் எதுவார்தோ செமென்சா ஒரு புவியியலறிஞர். அவர் 1959 ஆம் ஆண்டிலே அம்மலைச்சாரலை நடந்து பார்த்து, அது வரலாற்றுக்கு முந்திய காலத்தில் ஒருமுறை சரிந்து நின்ற பெரும் பாறைத்திரள் என்ற கருத்துக்கு வந்தார். நீர் ஏறினால் அது மீண்டும் நகரக்கூடும் என்பதே அதன் பொருள்.

இக்கருத்தைச் சோதிக்கவே அதிர்வுமுறை அழைக்கப்பட்டது. பியேத்ரோ கலோய் என்னும் பூமியதிர்ச்சியறிஞர் 1959 ஆம் ஆண்டின் இறுதியில் அச்சாரலைத் தட்டிப் பார்த்தார். மேலே பத்துப் பன்னிரண்டு மீற்றர் ஆழத்துக்குத் தளர்ந்த மண்; அதன் கீழே மிகவும் உறுதியான பாறை என்று கருவி சொன்னது. அதிர்வு அப்பாறையிலே செக்கனுக்கு 5,000 மீற்றருக்கு மேலான வேகத்தில் ஓடிற்று. கம்பனியார் ஆறுதல் அடைந்தனர். நீரும் ஏற்றப்பட்டது.

1960 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே மலையின் மேற்புறத்தில் ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீளமான வெடிப்பொன்று தோன்றிற்று. நவம்பர் 4 ஆம் திகதி 7 இலட்சம் கனமீற்றர் பாறையும் மண்ணும் நீரிலே விழுந்தன. டிசம்பரிலே கலோய் மீண்டும் அதே சாரலைத் தட்டினார். பானையின் ஒலி மாறியிருந்தது. முன்னர் உறுதியென்று கண்ட பாறை இப்பொழுது 150 மீற்றர் ஆழம் வரையில் நொறுங்கிய நிலையில் இருந்தது. அதிர்வின் வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது.

முதல் அளவீடு எவ்வளவு சரியானது என்பது குறித்துப் பின்வந்தோரிடையே விவாதம் உண்டு. பழைய சரிவு என்ற செமென்சாவின் கருத்து உண்மையெனின், அப்பாறை ஓராண்டில் மட்டும் நொறுங்கியிராது. முன்னரே பலவீனமுற்றிருக்க வேண்டும். ஆயின் இரண்டாவது அளவீடு சொன்ன செய்தியில் ஐயத்துக்கு இடமில்லை. மலையின் உட்புறம் ஒட்டுறவற்றுக் கிடக்கின்றது என்பதை அது இலக்கத்திலே எழுதிக் காட்டிற்று. அச்செய்தி பூட்டிவைக்கப்பட்டதுமன்று, பொறியியலாளர் அதனை வாசித்தனர், விவாதித்தனர். நீர்மட்டத்தை மெல்ல மெல்ல ஏற்றியும் இறக்கியும் மலையின் நகர்வைக் கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்று முடிவு செய்தனர். சிறிய மாதிரியொன்றை அமைத்துச் சோதித்தபொழுது, நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 700 மீற்றருக்கு மேற்படாவிடின் பெரிய அபாயம் இல்லை என்ற விடையும் கிடைத்தது. மலை வேகமாக விழும் என்று அந்த மாதிரி கருதவில்லை. கேட்பவர் விரும்பும் விடையைத் தரும் இயல்பு மாதிரிகளுக்கு உண்டு.

1963 ஆம் ஆண்டு செப்டெம்பரிலே நீர்மட்டம் 710 மீற்றரை எட்டியது. மலை நாளொன்றுக்கு 20 சதமமீற்றர் வரையில் நகரத் தொடங்கியபொழுது அவசரமாக நீரை இறக்கினர். நீர் ஏறத்தாழ 700 மீற்றருக்கு இறங்கியிருந்த வேளையில், ஒக்டோபர் 9 ஆம் திகதி இரவு 10 மணி 39 நிமிடத்துக்கு, 26 கோடி கனமீற்றருக்கு மேற்பட்ட பாறைத்திரள் ஒரே முழுமையாகப் பெயர்ந்து நீர்த்தேக்கத்துள் இறங்கிற்று. அது எழுப்பிய அலை அணையைத் தாண்டிக் குதித்துக் கீழேயிருந்த லொங்கரோனே நகரையும் அயற்கிராமங்களையும் துடைத்துச் சென்றது. ஏறக்குறைய 2,000 பேர் மாண்டனர். அணையின் பெரும்பகுதி சேதமின்றி நின்றது, இன்றும் நிற்கின்றது. அந்த வீழ்ச்சியின் அதிர்வை ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்த பதிகருவிகள் தாளில் எழுதின.

சம்மட்டி கொண்டு தட்டும் முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. இன்று தட்டிப் பார்த்தால் இன்றைய நிலையை அறியலாம். நாளை என்ன நேர்ந்தது என்று அறிய நாளையும் சென்று தட்டவேண்டும். வயொன்றிலே முதலாவது அளவீட்டுக்கும் இரண்டாவதற்கும் இடையே ஓராண்டு கழிந்துவிட்டது. இக்குறையை நீக்க அண்மைக் காலத்தில் ஒரு நூதனமான வழி கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. நிலம் ஒருபோதும் முற்றாக அமைதியாய் இருப்பதில்லை. கடலலை கரையை மோதுகின்றது, லொறி செல்கின்றது, மரத்தைக் காற்று அசைக்கின்றது. இவை அனைத்தும் நிலத்திலே ஓயாத மெல்லிய அதிர்வை எழுப்பிய வண்ணம் இருக்கின்றன. சரிவின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு பதிகருவியை வைத்து, ஒன்றைக் கடந்த அதிர்வு மற்றையதை அடைய எவ்வளவு நேரம் செல்கின்றது என்பதை, இரு பதிவுகளையும் கணினியிலே ஒப்பிட்டு அறிந்துகொள்ளலாம். சம்மட்டி வேண்டியதில்லை, உலகத்தின் இரைச்சலே சம்மட்டி. ஒவ்வொரு நாளும் இதனைச் செய்தால் மலையின் நாடி நாள்தோறும் கைக்கு எட்டும்.

சுவிற்சர்லாந்தில் பொன்ற் பூர்க்கன் என்னும் களிமண் சரிவிலே இவ்வாறு கருவிகள் வைக்கப்பட்டிருந்தன. 2010 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அச்சரிவின் ஒரு பகுதி சேறாகிப் பாய்ந்தது. பதிவுகளை ஆராய்ந்தபொழுது, பாய்ச்சலுக்கு முந்திய சில நாட்களில் அதிர்வின் வேகம் 7 சதவீதம் குறைந்து வந்தமை புலனாயிற்று. இதற்குக் காரணம் விளங்கிக்கொள்ளத்தக்கதே. அதிர்வலைகளுள் நெட்டாங்கு அலை, குறுக்கலை என இரு வகை உண்டு. இவற்றுள் குறுக்கலை திரவத்தினூடே செல்லமாட்டாது. களிமண் இறுக்கம் இழந்து திரவத்தின் இயல்பை அணுக அணுக, குறுக்கலையின் வேகம் தளர்ந்துகொண்டே போகும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. மழை பெய்து மண் ஊறினாலும் வேகம் சிறிது மாறும். குளிர் காலத்திலும் கோடையிலும் ஒன்றுபோல் இராது. ஒவ்வோர் இறக்கத்துக்கும் மணி அடித்தால், புலி வருகின்றது என்று கூவிய இடையனின் கதையாகிவிடும். மலை சாதாரண காலங்களில் எவ்வாறு துடிக்கின்றது என்பதைப் பல மாதங்கள், இயலுமாயின் சில ஆண்டுகள், கேட்டறிந்த பின்னரே அசாதாரணமான துடிப்பை இனங்காண இயலும். தேர்ந்த வைத்தியரும் நோயாளியின் வழமையான நாடியை அறிந்திருப்பதையே விரும்புவார்.

இதுவரை சொன்னது சரிவுக்கு முந்திய நிலை. சரியும் வேளையில் மலை எழுப்பும் அதிர்வு வேறு வகையானது. பூமியதிர்ச்சியின் பதிவு சடுதியாகத் தொடங்கும். நெட்டாங்கு அலை முதலிலும் குறுக்கலை பின்னரும் தெளிவாக வந்திறங்கும். சரிவின் பதிவோ மெல்லத் தொடங்கி, நடுவில் பருத்து, மெல்லவே ஒடுங்கி, நூற்கதிரின் வடிவிலே காணப்படும். மிகப் பெரிய சரிவுகளில் இதனோடு மற்றொரு விந்தையும் நிகழும். கோடிக்கணக்கான தொன் பாறை கீழ்நோக்கி விரையத் தொடங்கும்போது அதுவரை அதனைச் சுமந்த பூமி பின்னுக்குத் தள்ளப்படுகின்றது. அடியிலே வந்து நிற்கும்போது முன்னுக்குத் தள்ளப்படுகின்றது. ஓடத்திலிருந்து கரைக்குக் குதிப்பவன் ஓடத்தைப் பின்னே உதைப்பதை ஒக்கும் இது. இந்த உதையால் எழும் நீண்ட, மந்தமான அலை உலகெங்கும் பரவும். 1980 ஆம் ஆண்டு மே 18 ஆம் திகதி அமெரிக்காவிலே சென்ற் ஹெலன்ஸ் எரிமலையின் வடபுறம் சரிந்து வீழ்ந்தபொழுது எழுந்த அலைகளை, யப்பானிய அறிஞர் ஹிரோ கனமோரியும் அவருடன் பணியாற்றியவரும் இவ்வாறே விளக்கினர்.

இம்முறையால் மனிதர் எவரும் காணாத சரிவுகளையும் கண்டுபிடிக்க முடிகின்றது. 2023 ஆம் ஆண்டு செப்டெம்பர் 16 ஆம் திகதி உலகமெங்குமுள்ள பதிகருவிகளிலே ஏறக்குறைய 90 செக்கனுக்கு ஒருமுறை துடிக்கும் ஒரே சீரான அதிர்வொன்று தோன்றி ஒன்பது நாட்கள் நீடித்தது. இது யாதென அறியாது அறிஞர் திகைத்தனர். கிறீன்லாந்தின் கிழக்குக் கரையில் டிக்சன் நுழைகழியிலே 2 கோடியே 50 இலட்சம் கனமீற்றர் பாறையும் பனிக்கட்டியும் நீரில் வீழ்ந்து, 200 மீற்றர் உயரம் வரையில் அலையை ஏற்றி, பின்னர் அந்நீர் தொட்டியிலே ததும்பும் நீர் போன்று இரு கரைகளுக்கும் இடையே ஒன்பது நாட்கள் ததும்பிற்று என்பது பின்னர் தெளிவாயிற்று. அங்கே அவ்வேளையில் எவரும் இல்லாமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை.

இனி, இத்துறையினர் தாமே ஒப்புக்கொள்ளும் தோல்வியொன்றையும் கூறவேண்டும். 2014 ஆம் ஆண்டு மார்ச் 22 ஆம் திகதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓசோ என்னும் இடத்திலே, மழையில் ஊறிய குன்றொன்று ஆற்றைத் தாண்டிப் பாய்ந்து 43 பேரைப் பலிகொண்டது. காலை 10 மணி 37 நிமிடத்தில் ஒன்றும், நான்கைந்து நிமிடம் கழித்து மற்றொன்றுமாக இரு பெரும் அதிர்வுகள் அப்பிரதேசத்துப் பதிகருவிகளிலே தெளிவாகப் பதிந்தன. ஆயின் அதற்கு முன்னர் மலை ஏதேனும் முனகியதா என்று தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அருகிலிருந்த கருவியே பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. களிமண்ணும் மணலும் வெடிக்கும் மெல்லோசை அவ்வளவு தூரம் செல்லாது. நோயாளி அடுத்த ஊரில் இருக்க, இங்கிருந்து நாடி பார்க்க இயலுமோ?

முன்னதாகக் கேட்க இயலாவிடினும், சரியத் தொடங்கியதும் கேட்டால் சில நிமிடங்கள் கிடைக்கும். சரிந்த பொருள் ஆற்றுவழியே நெடுந்தூரம் ஓடவேண்டியிருந்தால் அச்சில நிமிடங்கள் அருமையானவை. சுவிற்சர்லாந்தின் இல்கிறாபன் ஓடையில் மழைக்காலத்திலே கல்லும் சேறும் கலந்து பாய்வது வழக்கம். அங்கே ஓடையின் மேற்பகுதித் தடுப்பணைகளில் ஜியோபோன்களைப் பொருத்தியுள்ளனர். நிலம் அதிர்ந்த மாத்திரத்தே, கீழே மக்கள் ஓடையைக் கடக்கும் இடங்களில் விளக்கு எரிந்து ஒலி எழும். இந்தியாவின் உத்தரகாண்டில் 2021 ஆம் ஆண்டு பெப்ரவரி 7 ஆம் திகதி இமயச் சிகரத்திலிருந்து 2 கோடியே 70 இலட்சம் கனமீற்றர் பாறையும் பனியும் வீழ்ந்து, சமோலி மாவட்டத்து ஆற்றுவழியே பாய்ந்து, இரு நீர்மின் நிலையங்களை அழித்தது. இருநூறு பேர் வரையில் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். அவர்களுட் பெரும்பாலோர் அங்கே வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர். அவ்வட்டாரத்துப் பூமியதிர்ச்சி நிலையங்கள் அவ்வீழ்ச்சியையும் வெள்ளத்தின் ஓட்டத்தையும் பதிந்திருந்தன. அப்பதிவுகளை உடனுக்குடன் வாசிக்கும் ஏற்பாடு இருந்திருப்பின், சுரங்கத்துள் இருந்தோருக்குச் செய்தி அனுப்பச் சிறிது நேரம் கிடைத்திருக்கும் என்று பின்னர் ஆராய்ந்தோர் எழுதினர்.

அதிர்வுமுறை ஒன்றே போதும் என எண்ணுவதும் தவறு. 2013 ஆம் ஆண்டு ஏப்பிரல் 10 ஆம் திகதி அமெரிக்காவின் யூற்றா மாநிலத்துப் பிங்ஹாம் செப்புச் சுரங்கத்தில் 6 கோடி கனமீற்றரை அண்மிய பாறை, ஒன்றரை மணித்தியால இடைவெளியில் இரு தடவை வீழ்ந்தது. எவருக்கும் காயமில்லை. நிலத்தின் நகர்வை றேடார் முதலிய கருவிகளால் நாள்தோறும் அளந்து, வேகம் கூடியதைக் கண்டு, தொழிலாளரை முன்கூட்டியே அகற்றியிருந்தனர். அங்கே அதிர்வுப் பதிவுகள் உதவியது, வீழ்ந்தது எவ்வாறு என்பதைப் பின்னர் அறிவதற்கே.

இலங்கையிலே பல்லேகலையில் உள்ள பூமியதிர்ச்சி நிலையம் உலகப் பதிகருவி வலையமைப்பில் ஓர் உறுப்பாகும். சுமாத்திராவிலே நிலம் அதிர்ந்தால் அது அறிந்துகொள்ளும். ஆயின் சில ஆயிரம் கனமீற்றர் மண் இறங்கும் சரிவின் ஓசை சில கிலோமீற்றருக்குள்ளேயே அடங்கிவிடுவது. ஆகவே மலைநாட்டு மண்சரிவுகளுக்கு அந்நிலையத்தை நம்பியிருக்க இயலாது. எச்சரிக்கை விடுக்கும் பொறுப்புடைய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், முதன்மையாக மழைமானிகளின் துணையோடு பணியாற்றுகின்றது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்து மேலும் தொடர்ந்தால் விழித்திருக்கச் சொல்வதும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறச் சொல்வதும் அம்முறை. மழைமானி வானத்திலிருந்து வந்ததை அளக்கும். அந்நீர் உள்ளே சென்று மலைக்கு என்ன செய்தது என்பதை அது அறியாது. ஒரே அளவான மழையில் ஒரு சாரல் நிற்பதும் அடுத்தது இறங்குவதும் இதனாலேயே.

எல்லாச் சாரல்களிலும் கருவி நாட்டுவது எந்த நாட்டுக்கும் இயலாத காரியம். குடியிருப்புக்களுக்கு மேலே, முன்னரே அசையத் தொடங்கிய சாரல்களைத் தெரிந்தெடுத்து நாட்டலாம். ஜியோபோன் கையிலே அடங்கும் சிறிய பொருள். நாலைந்தையும் அவற்றின் கம்பிச்சுருளையும் ஒரு கொழுந்துக் கூடையில் வைத்துச் சுமந்து செல்லலாம். கடினமானவை வேறு. இடிமின்னலில் கருவி பழுதுபட்டால் மறுநாளே மலையேறிப் பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும். பதிவை இரவும் பகலும் வாசிப்பதற்கு ஒருவர் வேண்டும். மணி ஒலித்த நள்ளிரவிலே குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு எந்தப் பாதையால் எந்த மண்டபத்துக்குச் செல்வது என்பது மழைக்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டு, அம்மண்டபத்தின் திறப்பு லயத்திலேயே ஒருவர் கையில் இருக்கவும் வேண்டும்.